அக்கா கடைக் கம்ப்யூட்டரிலிருந்து மாமாவை எடுத்தது

அக்காவுக்கு மணவிலக்கு ஆனபோது கோர்ட்டு வேலைக்கு ஒரு வக்கீல் இருந்தார். கம்ப்யூட்டர் வேலைக்கு நான் இருந்தேன். வக்கீல் தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டார், என் வேலைதான் இழுத்துக்கொண்டே போனது.

மணவிலக்குக்குக் காரணம் என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் காலையில் பாசாருக்குப் போய் மீன் வாங்குகிற சாக்கில் கேட்டுக்கொள்ளலாம், எனக்குத் தெரிந்ததைவிட விவரமாகச் சொல்வார்கள். சாப்பாட்டுக் கடை அக்காவின் பேரில் இருந்தது, அதனால் அக்காவிடமே நின்றது. மாமா, அதாவது அக்காவின் கணவராக இருந்தவர், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். துணிமணி போனது, மீன் தொட்டி போனது, சுவரில் மாட்டியிருந்த பேட்மிண்டன் மட்டை போனது. அவர் குரல் மட்டும் கடையிலேயே நின்றுவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் ஆர்டர் எடுப்பவர் அடுப்புப் பக்கம் திரும்பிக் கத்துவார், அடுப்படியில் இருப்பவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சமைப்பார். சீட்டு எழுதிக் கொடுப்பதெல்லாம் சரிப்படாது. கையில் எண்ணெய், கண்ணில் புகை, சீட்டைப் பார்க்க எங்கே நேரம்? மாமா இந்தக் கத்தலுக்குப் பேர்போனவர். "தே தாரேக் ரெண்டேய்" என்று அவர் ராகம் போட்டு இழுத்தால், எதிர்வரிசை மோட்டார் பட்டறையில் இருப்பவர்களுக்கும் டீ குடிக்கத் தோன்றும். சில பேர் அதைக் கேட்கவே வந்தார்கள் என்று மாமா சொல்வார். நான் அதை நம்பியதில்லை, ஆனால் மறுத்ததும் இல்லை.

கடை பெருகியதும் அடுப்படியைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். நடுவில் ஒரு கனத்த சுவர் வந்தது. மாமாவின் தொண்டைக்கே அந்தச் சுவர் மசியவில்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அக்கா கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து லினக்ஸ் போட்டேன். காசு செலவில்லை என்பது அக்காவிடம் சொன்ன காரணம். வேறு எதையும் தொடமாட்டேன் என்ற பிடிவாதம்தான் உண்மையான காரணம். கவுண்டரில் இருக்கும் திரையில் 'ரொட்டி சானாய்' என்ற கட்டத்தையும் 'மூன்று' என்ற கட்டத்தையும் தொட்டால், பின்கட்டு ஒலிபெருக்கியில், கவுண்டர்வரை கேட்கிற மாதிரி, மாமாவின் குரல் "ரொட்டி சானாய்... மூணேய்" என்று கத்தும். இதற்காக ஒரு மத்தியானம் பலகாரம் பலகாரமாக, எண் எண்ணாக அவர் கத்த, நான் பதிவு செய்தேன். இரண்டையும் ஒட்டி ஒலிக்கவைக்க ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன்.

லினக்ஸில் மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டித்தான் போடவேண்டும், எடுக்கவேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகி உண்டு. ஆப்ட் என்று பேர். கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போகும், என்ன செய்தது என்று ஒரு வரி விடாமல் சொல்லும். எங்கள் குடும்பத்தில் இந்த மூன்றையும் செய்கிற ஆள் யாரும் கிடையாது. நானும் என் மென்பொருளை ஒழுங்காகப் பொட்டலம் கட்டி இந்த நிர்வாகியிடம் ஒப்படைத்தேன். பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தீர்ப்பு வந்த வாரத்திலிருந்து அக்கா கவுண்டரில் உட்காருவதை விட்டுவிட்டாள். அங்கே ஒரு பகுதிநேரப் பெண்ணை உட்காரவைத்தாள். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெயிலிலும் பஸ் புகையிலும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாடிக்கைக்காரர்கள் காற்று வாங்குகிறாள் என்று நினைத்தார்கள். அந்த ரோட்டில் காற்று எங்கே இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை நான் போனபோது சொன்னாள்.

"இந்தச் சத்தம் போகணும்டி. காலையில கடை தொறந்ததுலேருந்து அடைக்கிற வரைக்கும் அந்த மனுஷன் கத்திக்கிட்டே இருக்காரு. என்னால உள்ள நிக்க முடியல."

"எடுத்துரலாங்க்கா."

"எடுத்துரு. இல்லன்னா கடையக் குடுத்துட்டு நான் போயிருவேன். கேக்க ஆளு இருக்கு."

ஆள் உண்மையாகவே இருந்தது. பக்கத்துக் கடையில் கைப்பேசி உறை விற்பவர் வாரத்துக்கு ஒருமுறை வந்து விலை பேசிவிட்டுப் போவார். அக்கா பேச்சுக்குச் சொல்கிற ஆளும் இல்லை. அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அந்தக் கவுண்டர். கடை இல்லாத அக்கா எப்படி இருப்பாள் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே தெரியவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. நானும் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆப்டிடம் ஒரு மென்பொருளை எடுக்கச் சொல்ல இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று 'ரிமூவ்'. மென்பொருளை எடுத்துவிடும், ஆனால் எந்தக் குரல், எவ்வளவு சத்தம், எந்த ஒலிபெருக்கி என்று எழுதி வைத்திருக்கும் அமைப்புக் கோப்புகளைத் தொடாது. மறுபடி கூப்பிட நேர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டாமே என்ற நல்லெண்ணம். இன்னொன்று 'பர்ஜ்'. அது அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

ஆனாலும் அன்று 'ரிமூவ்' என்றுதான் தட்டினேன். புது ஏற்பாடு சொதப்பினால் திரும்பிப்போக வழி வேண்டுமே என்று கை தானாகப் போய்விட்டது. இது தொழில் புத்தி மட்டும் இல்லை, குடும்ப புத்தியும்தான். எங்கள் வீட்டில் யாரும் எதையும் முழுசாக முடித்ததில்லை, ஓட்டை விழுந்த குடையைக்கூட எதற்கும் இருக்கட்டும் என்று மடக்கி வைப்போம். அக்கா வெளியிலிருந்து "எடுத்தாச்சா?" என்று கேட்டாள். "எடுத்தாச்சு" என்றேன்.

புது ஏற்பாடு எழுத்தைப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருள். எழுதிக்கொடுத்தால் பெண் குரலில் தமிழில் வாசிக்கும். வாசிக்க எழுதிக்கொடுக்கும்போது எனக்குள் இருந்த தமிழ்ப்பள்ளி மாணவி எழுந்துவிட்டாள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கை. 'தே தாரேக்' என்று எழுத மனம் வரவில்லை, 'நுரைத் தேநீர்' என்று எழுதினேன். 'மீ கோரேங்' என்கிற நூடுல்ஸ் 'வறுத்த மீ' ஆனது. முட்டைக்குப் பன்மை போட்டேன். ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேட்டேன். "இரண்டு தோசைகள். மூன்று நுரைத் தேநீர்." ஒற்று, சந்தி, உச்சரிப்பு, எதிலும் பிசிறில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் நான் புக்கிட் தெங்காவில் வேலையில் இருந்தபோது பகுதிநேரப் பெண் கூப்பிட்டாள். காலைக் கூட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அடுப்படியிலிருந்து ஒரு தட்டும் வரவில்லை என்றாள். சமையல்கார அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் ராமநாதபுரத்திலிருந்து வந்து அக்கா கடையிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்.

"ஆர்டர் வரலியே தங்கச்சி. காலையிலேருந்து சும்மாதான் ஒக்காந்திருக்கேன்."

"அண்ணே, ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளக் குரல் வருதே, கேக்கலியா?"

"அதுவா? அது ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற அம்மாலா. வேலை நேரத்துல நியூஸ் எதுக்குன்னு சவுண்டக் கொறச்சு வச்சிட்டேன்."

கூட்டம் எழுந்து போக ஆரம்பித்துவிட்டது என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. யோசிக்க நேரமில்லை. அண்ணனிடம் சவுண்டைப் பழையபடி கூட்டச் சொல்லிவிட்டு, தொழிற்சாலை மேசையிலிருந்தே கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். பழைய பொட்டலத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். ஆப்ட் அதைக் கொண்டுவந்து வைத்தது. விட்டுப்போன அமைப்புக் கோப்புகள் அப்படியே இருந்ததால் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாமா அதே குரலில், அதே சத்தத்தில், அதே ஒலிபெருக்கியில் விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். ரோட்டுச் சத்தம் கேட்டது, பஸ் ஒன்று போய் முடிந்தது.

"வந்துட்டாரு," என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாமேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். ஆப்ட்மேல் கோபப்பட முடியவில்லை, அது சொன்னதைத்தான் செய்தது. கைப்பேசி உறைக்காரர் கடைக்குள் அளவுநாடாவோடு நிற்பதைப் பார்த்ததாகப் பகுதிநேரப் பெண் சொன்னாள். அக்காவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த திங்கள் கடையைத் திறந்து உள்ளே போனபோது அக்காவும் பின்னாலேயே வந்தாள். வெளியே போய் உட்காரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்தமுறை தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள்.

'பர்ஜ்' என்று தட்டினேன். நிச்சயமா என்று ஆப்ட் கேட்டது. அக்கா என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஆம் என்பதற்கான அந்த ஒரு எழுத்தைத் தானே அழுத்தினாள். வரி வரியாக ஓடியது. மென்பொருள் போனது. அமைப்புக் கோப்புகள் போயின. கடைசியாக ஓர் எச்சரிக்கை வந்து நின்றது.

"என்ன சொல்லுது?"

"ஒரு டைரக்டரி பாக்கி இருக்கு. அது காலியா இல்லையாம், அதனால எடுக்கலையாம்."

"உள்ள என்ன இருக்கு?"

மாமாவின் குரல் கோப்புகள் இருந்தன. வேண்டும்போது திரும்பப் பதிவு செய்துகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அவற்றை நான் பொட்டலத்துக்குள் கட்டாமல் வெளியே தனியாக வைத்திருந்தேன். தான் கொண்டுவராத பொருளை ஆப்ட் தொடாது. அது பர்ஜ் என்றாலும் சரி, என்ன என்றாலும் சரி. கோப்பு வைத்தவர் வந்துதான் எடுக்கவேண்டும். இதை அக்காவுக்குச் சொன்னேன்.

அவள் திரையில் இருந்த பேர்களைப் படித்தாள். ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு கோப்பு. "தோசையப் போடு," என்றாள்.

போட்டேன். காலி அடுப்படியில் மாமாவின் குரல் "தோசேய்ய்" என்று இழுத்தது. நன்றாகத்தான் கத்தியிருந்தார். அது முடிகிற இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டு யாரோ சிரிக்கிற சத்தம் ஒரு நொடி வந்து அறுந்தது. பல வருடமாகக் கடையில் அதைக் கேட்டிருக்கிறேன். மைக் இரைச்சல் என்று நினைத்திருந்தேன். நேரம் கிடைத்தால் வெட்டிச் சரிசெய்யவேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

"அது நான்," என்றாள் அக்கா.

நான் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினேன்.

"அவரு குரல் என்னைய ஒண்ணும் பண்ணலடி. அவரு கத்துனா கத்திட்டுப் போறாரு. யாரு வந்து தோசை கேட்டாலும் நான் சிரிக்கிறேன்லா. ஒரு நாளைக்கு எத்தன தோசை போவுது நம்ம கடையில? அத்தன வாட்டியும் சிரிக்கிறேன். அதத்தான் தாங்க முடியல."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"ஒரு காப்பி எடுத்து வைக்கவாக்கா?"

"எதுக்கு?"

என் வேலையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அழிப்பதற்கு முன்னால் காப்பி எடு என்பதுதான் நாங்கள் படிக்கிற முதல் பாடம், எதற்கு என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பையில் பென்டிரைவ் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் எடுக்க அரை நிமிடம் போதும். இன்னும் பத்து வருடம் கழித்து அவளே கேட்பாளோ என்று தோன்றியது. அவள் கேட்கமாட்டாள், எனக்குத்தான் அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது என்பதும் தோன்றியது. அக்கா அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"இன்னொரு வாட்டி போடு," என்றாள். போட்டேன். முடிகிற இடம் வரைக்கும் கேட்டாள்.

"எடுத்துரு."

எடுத்தேன். காப்பி எடுக்காமல் நான் அழித்த டைரக்டரி அது ஒன்றுதான்.

அதோடும் முடியவில்லை. கம்ப்யூட்டரில் மாமாவின் பேரில் ஒரு கணக்கும், அதற்கென்று ஒரு வீட்டு ஃபோல்டரும் இருந்தன. அதற்குள் புள்ளியில் ஆரம்பிக்கிற பேரோடு மறைந்திருக்கும் சின்னச் சின்ன அமைப்புக் கோப்புகள், அவருக்குப் பிடித்த திரை நிறம், அவர் வைத்த எழுத்தின் அளவு. பர்ஜ் போட்டாலும் ஆப்ட் ஒருவருடைய வீட்டு ஃபோல்டருக்குள் கை வைக்காது. வீட்டுக்குள் இருப்பது அவரவர் சொந்த விஷயம் என்று ஒதுங்கிவிடும். எங்கள் சொந்தக்காரர்கள் கொஞ்சநாள் ஆப்டிடம் பயிற்சி எடுத்திருக்கலாம். அந்தக் கணக்கையும் ஃபோல்டரையும் நானே நீக்கினேன். பிறகு பட்டியலில் தேடிப் பார்த்தேன், எங்கேயும் பேர் இல்லை.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கவேண்டும், பின்கட்டுக்கு ஒரு குரல் வேண்டும். செய்தி வாசிக்கிற அம்மாவைச் சமையல்கார அண்ணன் ஏற்கமாட்டார். அக்காவிடம் மைக்கை நீட்டினேன்.

"எனக்கு ராகமெல்லாம் வராது."

"ராகம் வேணாங்க்கா. என்ன வேணுமோ அதச் சொல்லு."

சொன்னாள். "தோசை." "ரெண்டு." "மீ கோரேங்." பாஸ்போர்ட் ஆபீசில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் ஒரே தடவையில் முடித்தாள், திருப்பிப் போட்டுக் கேட்கவும் இல்லை. அவள் குரலுக்கென்று அந்த ஒட்டும் மென்பொருளைப் புதிதாகப் போட்டேன். மறுநாள் முதல் ஆர்டர் போனதும் சமையல்கார அண்ணன் கரண்டியோடு ஓடிவந்து கவுண்டரில் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, எம்மேல ஏதும் கோவமா?"

"இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு சீக்கிரம் வர ஆரம்பித்தது. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு வந்தாள். பகுதிநேரப் பெண் மேசை பார்க்கப் போனாள். கைப்பேசி உறைக்காரர் வந்தார். அக்கா அவருக்கு ஒரு தே தாரேக் கொடுத்து, கடை கொடுக்கிற மாதிரி இல்லை என்று சொல்லி அனுப்பினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் விஷயம் எனக்குத் தெரியும், அக்கா விஷயம் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் என்ன பாக்கி இருக்கிறது என்று சொல்ல அங்கே எச்சரிக்கை எதுவும் வருவதில்லை.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வந்தார். எதற்கு வந்தார் என்று இன்றுவரை தெரியாது. பாசார் பக்கம் வந்தவர் கால் போன போக்கில் வந்திருக்கலாம். நல்ல கூட்டம். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகக் கவுண்டருக்கு வந்தார், பழக்கத்தில் கை அந்தச் சின்னத் தடுப்புக் கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது. போன கையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆர்டர் சொல்கிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றார். முன்னால் ஒருத்தர் இருந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன், மறுபடி அஞ்சடிக்கு நாற்காலி போய்விடும் என்று நினைத்தேன்.

"என்ன வேணும் அண்ணே?" என்றாள்.

முன்னால் நின்றவரைக் கேட்ட அதே குரல்தான். குத்தலுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. விரல் திரைக்கு மேலே தயாராக இருந்தது, பின்னால் வரிசை நின்றது, அவள் ஒரு வாடிக்கைக்காரரிடம் ஆர்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். துடைத்து முடித்த மேசையையே நான் திரும்பத் துடைத்தேன். அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

"தே ஓ ஒண்ணு," என்றார். அக்கா தொட்டாள். மேலே ஏதாவது உண்டா என்று பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கூராங் மானிஸ், சீனி கொறச்சு," என்றார்.

சீனி எவ்வளவு போடவேண்டும் என்று அவர் அந்தக் கடையில் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.